ஊல்கான் கூப்பிட்ட பெயர்

ஊல்கான் தன் மாமனாரின் பெயரைச் சொல்ல மாட்டாள். அவர்கள் பக்கத்தில் மருமகளாக வந்தவள் எவளும் சொல்வதில்லை. கல்யாணமாகி வாசற்படி ஏறுகிற அன்றே அந்தப் பெயரை நாக்கிலிருந்து இறக்கி வைத்துவிட வேண்டியதுதான். இப்போதெல்லாம் சில பெண்கள் தலைநகர் பிஷ்கேக்கில் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்து, மாமனாரைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்களாம். ஊல்கான் அந்த ரகம் இல்லை.

அவர் பெயர் எசென்குல். எசென் என்றால் சுகம். ஊரில் இரண்டு பேர் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் முதலில் விசாரிக்கிற வார்த்தையே அதுதான். ஊல்கான் அந்த வார்த்தையையும் விழுங்கிவிட்டு, "வீட்டுல எல்லாரும் நல்லபடியா?" என்று சுற்றி வளைப்பாள். கிழவர் காதில் விழுந்தால் விடமாட்டார்.

"என் மருமக வாயில சுகம்ங்கிற வார்த்தையே வராது. அப்புறம் இந்த வீடு எப்படி உருப்படும்?" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவள் தலைத்துணி முனையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அவரை அவள் கூப்பிடுவது அத்தா என்றுதான். பெற்ற அப்பாவைக்கூட அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டிருப்பாளா என்பது சந்தேகம். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். புருஷன் மக்சாத் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இந்த இரண்டு பேரும்தான்.

கிழவருக்கு அடிவயிற்றில் ஒரு வீக்கம் ரொம்ப வருஷமாகவே உண்டு. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். குடலிறக்கம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று மகன் போனில் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தான்.

"அது பாட்டுக்கு வருது, போகுது. நம்ம சொந்தக்காரங்களும் அப்படித்தானே? அவங்களையெல்லாம் அறுத்தா எடுக்கிறோம்?" என்று கிழவர் வாயை அடைத்துவிட்டார்.

குளிர்காலத்துக்கான நிலக்கரி வந்து வாசலில் கொட்டிக் கிடந்தது. பனி விழுவதற்குள் கொட்டகையில் ஏற்றியாக வேண்டும். ஊல்கான் பால் கறக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கிழவர் மூட்டையைத் தூக்கினார். வீக்கம் வெளியே வந்தது. இந்தத் தரம் உள்ளே போகவில்லை. ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். விடிந்ததும் ஊல்கான் தேநீரோடு போய்ப் பார்த்தால், மனுஷர் வாந்தி எடுத்து எடுத்து முகம் சாம்பல் பூத்துக் கிடந்தார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் பெட்ரோல் இல்லை என்றார்கள். பக்கத்து வீட்டு ஜோல்தோஷ் மாட்டுச் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பிள்ளைகளை அவன் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு, அவன் வண்டியிலேயே கிழவரைப் படுக்கவைத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

"பேஷண்ட் பேரு?" என்றாள் சீட்டுப் போடுகிறவள், தலையைத் தூக்காமல்.

ஊல்கான் ஜோல்தோஷைப் பார்த்தாள். அவன் சொன்னான். சொல்லிவிட்டு, "அண்ணி, எனக்கு நேரமாகுது, ஏதாவதுன்னா போன் பண்ணுங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஊல்கானுக்குத் துணையாக இருந்த ஒரே வாயும் அதோடு போயிற்று.

மூன்றாவது மாடி, அறுவைப் பிரிவு. வார்டில் கட்டில் இல்லையாம். வராந்தாவில் ஜன்னலடியில் ஒரு கட்டிலை இழுத்துப் போட்டுக் கிழவரைக் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரி என்ற பெயர்ப்பலகையை மட்டும்தான் அரசாங்கம் கொடுத்திருந்தது. மற்றதையெல்லாம் வருகிறவன் கொண்டு வர வேண்டும். ஊசி, பஞ்சு, கையுறை, ட்ரிப்ஸ் பாட்டில், விரிப்பு, தலையணை என்று ஊல்கான் எதிரே இருந்த மருந்துக்கடைக்கும் மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தரமும் ஒரு சாமானைத்தான் சொல்லுவார்கள். மொத்தமாகச் சொன்னால் அவர்களுக்கு என்ன நஷ்டமோ தெரியவில்லை.

நர்ஸ் பெர்மெத் இருபது இருபத்திரண்டு வயசுப் பெண். இரண்டு மாடிக்கும் அவள் ஒருத்திதான். கால் தரையில் பாவாமல் ஓடிக்கொண்டிருந்தாள். ஆட்களின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள அவளுக்கு நேரம் இல்லை. ஆறாம் நம்பர் ஜன்னலோரம், நாலாம் நம்பர் கதவோரம், இப்படித்தான் கூப்பிடுவாள். கிழவர் வராந்தாவில் கிடந்தபடியால் அவருக்கு வராந்தா என்றே பெயராகிவிட்டது.

"வராந்தா, கையை நீட்டு. என்ன ராத்திரி விருந்தா? கறியைப் போட்டு அமுக்கியிருப்பே, அதான் வயிறு இழுக்குது" என்று சொல்லி ஒரு வலி ஊசியைக் குத்திவிட்டுப் போனாள். மீசை நரைத்த மனுஷரை ஒருமையில் பேசியது ஊல்கானுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டில் மரியாதைக்காக அந்தப் பெயரை அவள் சொல்வதில்லை. இங்கே மரியாதை இல்லாததால் ஒருத்தியும் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றாகிவிடுமா என்று நினைத்துக்கொண்டாள்.

டியூட்டி டாக்டர் அஸீம் இன்னும் சின்னப் பையன் முகம் மாறாதவர். முந்தின நாளிலிருந்து தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கிழவர் முனகினார். டாக்டருக்கு வியர்த்தது.

"ரத்தப் பரிசோதனை வரட்டும்" என்றார்.

"எப்பங்க வரும்?"

"லேப்புல ஆள் வரணும். அதோட, தனியா நான் அறுக்க முடியாது. எங்க பிரிவுத் தலைவர் பார்த்துச் சொல்லணும். நான் அவர்கிட்ட சொல்றேன்." கீழே யாரோ அலறினார்கள். டாக்டர் ஓடினார். ஓடினவர் சொன்னாரா இல்லையா என்பது அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

தலைவரும் வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, பின்னால் நாலு பேர். வார்டு வார்டாக நுழைந்து வெளியே வந்தார். ஜன்னலடிக் கட்டிலை மூன்று தரம் கடந்து போனார். மூன்று தரமும் பக்கத்தில் வந்தவரோடு பேசிக்கொண்டே போனார். ஊல்கான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரவுண்ட்ஸ் நடக்குது, குறுக்க வராதீங்க" என்று பெர்மெத் அவளை உட்கார வைத்தாள். "எங்க எசென்குல் ஜானிபெகோவிச்சுக்குக் கோபம் வந்தா அப்புறம் நான்தான் வாங்கிக் கட்டிக்கணும்."

ஊல்கானுக்குத் திக்கென்றது. பின்னால் மரியாதைக்கு அப்பா பெயர் ஒட்டியிருந்தாலும் முன்னால் இருந்தது அந்தப் பெயர்தான். கிழவர் அந்த வலியிலும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பார்த்தியா கண்ணு, என் பேர்க்காரன். என் பேரை வெச்சுக்கிட்டு எவ்வளவு விறைப்பா நடக்கிறான் பாரு" என்றார்.

ரவுண்ட்ஸ் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். வராந்தாவை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எதிரே ஒரு முக்காலியில் சோனுன்பூ என்ற பெண் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். புருஷன் கால் உடைந்து ஆறாம் வார்டில் கிடந்தான். மாசக்கணக்கில் அங்கேயே குடியிருந்ததில் அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியின் எலிகள்கூடப் பழக்கம். ஊல்கான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பின்னலை மடியில் வைத்தாள்.

"என் தம்பிக்கும் இதேதான். வெள்ளிக்கிழமை கொண்டாந்தோம். திங்கட்கிழமை பெரியவர் வந்து பார்ப்பாருன்னாங்க. திங்கட்கிழமை பெரியவர் வந்தாரு. தம்பிதான் இல்ல."

ஊல்கான் கிழவரின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"மாட்டிக்கிட்ட குடல் உள்ளேயே அழுகிப் போயிடுமாம். அன்னிக்கே அறுத்திருந்தா பொழைச்சிருப்பான்னு அப்புறமா சொல்றாங்க. இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதான் தங்கச்சி. இங்க உக்காந்து முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காதே. போய் அந்த ஆளைப் பிடி. உங்க அத்தாவை நான் பார்த்துக்கிறேன்."

ஊல்கான் போனாள். இங்கேதான் அவள் காரியம் கெட்டது.

கீழே விசாரிக்கிற இடத்தில், "பெரிய டாக்டரைப் பார்க்கணும்" என்றாள். ஆஸ்பத்திரிக்கே பெரியவரின் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அவர் பிஷ்கேக் போயிருக்காரு."

"அவர் இல்லைங்க. அறுவை பண்றாரே, அந்தப் பெரியவர்."

"பேரு?"

"உயரமா இருப்பாரு. மீசை வெச்சிருப்பாரு."

"அடையாளமா கேட்டேன்? பேர் தெரியாமலா தேடி வந்தீங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுங்க."

ஊல்கான் வாயைத் திறந்தாள். பெயர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. இத்தனை வருஷம் வாய்க்குள் வராத ஒன்று, வா என்றால் உடனே வந்துவிடுமா? அது என்னவோ மாமனாரின் மேல்துணியைப் பிறத்தியார் முன்னால் உருவுகிற மாதிரி அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அது... சொல்லக் கூடாதுங்க" என்றாள்.

நகச்சாயக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நீ எந்தக் காலத்திலிருந்து வருகிறாய் என்று கேட்காதது ஒன்றுதான் குறை. "மீசைக்காரர்னா பின்கட்டடம். சீழ் அறுவைப் பிரிவு. அங்க போய்ப் பாருங்க" என்று கையை ஆட்டினாள்.

பின்கட்டடத்தில் ஒரு கதவு, கதவுக்கு முன்னால் ஒரு வரிசை. ஊல்கான் நின்றாள். குறுக்கே போகிறவர்களிடம் கெஞ்சினாள். "எல்லாருக்கும்தான் அவசரம்" என்றார்கள். அதுவும் உண்மைதான். ஒருவன் கட்டோடு, ஒருத்தி காய்ச்சல் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் கதவு திறந்தது. உள்ளே மீசை இருந்தது. மீசைக்குக் கீழே குட்டையாக, குண்டாக வேறு யாரோ இருந்தார்.

அவள் திரும்பி ஓடினாள். ஓடும்போதே மக்சாத்துக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. சாரத்தில் ஏறும்போது போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

மேலே கிழவர் கண்ணை மூடிக் கிடந்தார். நெற்றி சில்லிட்டிருந்தது. ஊல்கான் குனிந்ததும் உதடு அசைந்தது.

"மக்சாத்துக்குச் சொல்லிடாதே கண்ணு. வேலையை விட்டுட்டு ஓடி வருவான்."

அவ்வளவுதான். ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை. அந்த மனுஷர் கேலி பேசாமல் ஒரு வாக்கியம் முடித்து அவள் கேட்டதே கிடையாது. அப்போதுதான் ஊல்கானுக்கு உண்மையாகவே பயம் வந்தது. இவர் போய்விடுவார், நாம் பார்த்துக்கொண்டே நிற்கப் போகிறோம் என்று நினைத்தாள்.

"பார்த்தியா அந்த ஆளை?" என்றாள் சோனுன்பூ.

"அது வேற மீசை, அக்கா."

"பேரைச் சொல்லித்தானே கேட்டே?"

ஊல்கான் தரையைப் பார்த்தாள். "அத்தா பேரும் அதுதான்" என்றாள் மெல்ல.

சோனுன்பூவுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. ஊசியையும் நூலையும் சுருட்டி முக்காலியில் எறிந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"நானும்தான் என் மாமனார் பேரை அவரைப் புதைக்கிற வரைக்கும் சொன்னதில்ல. ஆனா இது உன் மாமனார் பேரு. எனக்கு வெறும் பேருதானே? நான் போறேன். நீ இங்கேயே இரு, இவர் கையை விடாதே." பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இடப்பக்க மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள்.

அவள் இடப்பக்கம் இறங்கினாள். அந்த ஆள் வலப்பக்க வாசலால் வெளியே போய்க்கொண்டிருந்தார்.

ஊல்கான் ஜன்னல் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு இல்லை. நல்ல கறுப்பு சூட்டு, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, கையில் பரிசுக்கு மடித்த புது அங்கி. எங்கேயோ கல்யாணத்துக்குப் போகிற கோலம். அந்த நடையை மட்டும் மறைக்க முடியவில்லை. காம்பவுண்டுக் கதவு பக்கம் கார் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. படியிறங்கி ஓடினால் கார் போயிருக்கும்.

குளிர்காலத்துக்காக ஜன்னல் விளிம்பெல்லாம் காகிதப் பட்டை ஒட்டி அடைத்திருந்தார்கள். ஊல்கான் நகத்தாலேயே அதைக் கிழித்தாள். கொக்கியைத் தூக்கித் தள்ளினாள். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது.

"ஜன்னலைச் சாத்து பொம்பளை, உயிர் போகுது" என்று நாலாம் வார்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

"டாக்டர்!" என்று கூப்பிட்டாள் ஊல்கான். "டாக்டர் ஐயா!"

முற்றத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வழியே போனார்கள். அந்த முற்றத்தில் விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் யாராவது ஒருவர் டாக்டர் டாக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அதற்கெல்லாம் திரும்பினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். கறுப்பு சூட்டுக்காரர் திரும்பவே இல்லை. கார்க் கதவில் கை வைத்துவிட்டார்.

ஊல்கானுக்குப் பின்னால் கிழவர் முனகினார். அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. ஆள் இருந்தால்தானே மரியாதை என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அவ்வளவுதான்.

"எசென்குல்!" என்று கத்தினாள்.

முன்னாலும் பின்னாலும் ஒரு ஐயாவும் இல்லை, அண்ணனும் இல்லை, அப்பா பெயரும் இல்லை. மொட்டைப் பெயர். இத்தனை வருஷம் அடக்கி வைத்த தொண்டை ஒரேயடியாகத் திறந்துகொண்டதுபோல் அது முற்றம் முழுக்க எதிரொலித்தது.

"ஏய் எசென்குல்! எங்க போறே? இங்க வா!"

கார்க் கதவில் இருந்த கை நின்றது. அந்த உயரமான மனுஷர் மெதுவாகத் திரும்பி மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தார். முற்றத்தில் சத்தம் அடங்கிவிட்டது. புகை பிடித்துக்கொண்டிருந்த டிரைவர்கூட வாயிலிருந்து சிகரெட்டை எடுத்துவிட்டான். அந்த மௌனத்தில், ஊல்கானின் முதுகுக்குப் பின்னால், கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வர்றேன்" என்றது.

அவள் திரும்பினாள். கிழவர் கண்ணை மூடியபடியேதான் கிடந்தார். ஆனால் பதில் சொன்னது அவர்தான். ஊல்கான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். மூச்சு வாங்கியது.

"யாரு என்னைக் கூப்பிட்டது?"

ஊல்கான் கட்டிலைக் கை காட்டினாள். திட்டுவதற்காகத்தான் வந்திருப்பார் போல. வாயையும் திறந்தார். ஆனால் பார்வை கட்டிலில் விழுந்ததும் திறந்த வாய் மூடிக்கொண்டது. சூட்டின் கைப்பகுதியை மடித்துவிட்டுக்கொண்டு கிழவரின் வயிற்றைத் தொட்டார். முகம் மாறியது.

"இவர் எப்ப வந்தாரு?" என்றார், சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த அஸீமிடம்.

"காலையில சார்."

"ஏன் என்கிட்ட காட்டல?"

அஸீம் கையிலிருந்த சீட்டைப் புரட்டினார். "ரவுண்ட்ஸ்ல பார்ப்பீங்கன்னு நினைச்சேன் சார். வராந்தாவுல இருக்கிறவங்க எந்த வார்டுலயும் சேர்த்தி இல்ல. அதனால..."

டாக்டர் கட்டிலையும் வார்டுக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு தடவை தாண்டிப் போனேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு ஊல்கானிடம் திரும்பினார். "இவர் பேர் என்னம்மா?"

ஊல்கான் முகம் சிவந்து போயிற்று. ஒரு தரம் கத்திவிட்டோம் என்பதற்காக மறுபடி வந்துவிடுமா அந்தப் பெயர்?

"உங்க பேருதாங்க" என்றாள்.

அவரும் அந்த ஊர் ஆள்தானே. அவர் வீட்டிலும் மருமகள்கள் உண்டு. ஒரு கணம் அவளையே பார்த்தார். அந்த விறைப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அடக் கடவுளே" என்றார் மெல்ல. அடுத்த நிமிஷம், "தியேட்டரைத் திற. அஸீம், கை கழுவு. மயக்க மருந்துக்கு ஆளைக் கூப்பிடு" என்று குரல் கொடுத்தார்.

"சார், அறுவைக்கு வேண்டிய சாமான் இவங்க இன்னும் வாங்கல" என்றாள் பெர்மெத்.

கடைக்கு ஓட நேரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது பாருங்கள், அந்த வராந்தா அசைந்தது. ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கத்தின நாலாம் வார்டுக்காரர், தனக்கு வாங்கி வைத்திருந்த ட்ரிப்ஸ் பாட்டிலைத் தன் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். இன்னொருத்தி கையுறைப் பொட்டலத்தை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து வெறுங்கையோடு மூச்சிரைக்க ஏறி வந்த சோனுன்பூ, நடந்ததைக் கேட்டதும் புருஷனின் தலைமாட்டிலிருந்து தையல் நூலையும் கட்டுத்துணியையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"நான் ஆஸ்பத்திரி பூரா அந்த ஆளைத் தேடுறேன், நீ ஜன்னல்லேயே பிடிச்சிட்டியேடி" என்றாள். "என் காதுலயும் விழுந்துச்சு. யாரோ தன் பிள்ளையைக் கூப்பிடுறான்னுல்ல நினைச்சேன்."

தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது. ஊல்கான் கதவைப் பார்த்தபடி நின்றாள். சோனுன்பூ அவள் கையில் ஒரு ரொட்டித் துண்டைத் திணித்தாள். அவள் அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஆண்டவனே, அந்தப் பெயரை நான் சொன்ன முதல் தரமே கடைசித் தரமாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது டாக்டர் வெளியே வந்தார். பச்சைச் சட்டைக்குக் கீழே கல்யாணத்துக்குப் போட்ட பளபளப்பான ஷூ இன்னும் காலில் இருந்தது.

"கொஞ்சம் குடல் கறுத்துப் போயிருந்துச்சு, எடுத்துட்டோம். ரெண்டு மூணு நாள் கவனமாப் பார்க்கணும். ஆனா தாண்டிட்டாரு."

ஊல்கானுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உங்களை நான் அப்படி மரியாதை இல்லாம..." என்று ஆரம்பித்தாள்.

"இன்னும் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். சுவரோரம் கிடந்த சோனுன்பூவின் முக்காலியில் உட்கார்ந்தார். "இல்ல. நீங்க கூப்பிட்டிருக்கவே வேண்டியதில்லை. நான் நின்னு பார்த்திருக்கணும். அது என் தப்பு."

ஒரு டாக்டர் அந்த வராந்தாவில் உட்கார்ந்து அப்படிப் பேசியதை அதற்கு முன் எவரும் கேட்டதில்லை. சோனுன்பூவுக்குத் தம்பி ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தேநீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அந்தத் தேநீரில் அவள் எவ்வளவு மன்னித்தாள், எவ்வளவு மன்னிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. வரவேண்டிய அவசியம் இல்லாமலே டாக்டர் வந்தார். ரவுண்ட்ஸை வராந்தாவிலிருந்து ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி ஒரே நாளில் சொர்க்கமாகிவிடவில்லை. லேப்பில் ஆள் அன்றைக்கும் வரவில்லை, ட்ரிப்ஸ் பாட்டிலை அன்றைக்கும் அவரவர்தான் வாங்கினார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டிலடியிலும் நின்று தன் பெயரைச் சொல்லி, படுத்திருப்பவரின் பெயரைக் கேட்டார். "கூப்பிடணும்னா பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, ஜன்னல் வேண்டாம், குளிருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஊல்கான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிழவருக்கு ஆறாம் வார்டிலேயே ஒரு கட்டில் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நன்றாக விழிப்பு வந்தது. உதட்டை நனைக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊல்கானுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நேத்தோ முந்தாநேத்தோ, யாரோ என்னைக் கூப்பிட்டாங்க" என்றார்.

"நான் டாக்டரைத்தான் அத்தா..."

"தெரியும், சோனுன்பூ சொன்னா. ஊரெல்லாம் சொல்றா." சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்தது. கொஞ்சம் பொறுத்துப் பேசினார். "என் வாழ்நாள்ல அத்தான்னாங்க, அண்ணன்னாங்க, பெரியவர்னாங்க, இங்க வந்து வராந்தான்னாங்க. உன் மாமியாரும் ஒருநாள் பேரைச் சொன்னதில்ல, இந்தாங்கன்னுதான் கூப்பிடுவா. அப்படி மொட்டையா, ஏய்னு, எங்கம்மா ஒருத்திதான் கூப்பிடுவா. நான் ஆத்தங்கரைக்கு ஓடினா கரையில நின்னு கத்துவா. எங்க போறே, இங்க வான்னு."

ஊல்கானுக்குக் கண் நிறைந்தது.

"நான் போய்க்கிட்டுத்தான் இருந்தேன் கண்ணு. வலிகூட இல்ல, நல்லாத்தான் இருந்துச்சு. அப்பப் பார்த்துக் கூப்பிட்டே. அம்மா அந்தக் குரல்ல கூப்பிட்டா திரும்பாம இருக்க முடியுமா? முதுகுல ரெண்டு விழும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வீட்டுல வேண்டாம், ஊர் சிரிக்கும். ஆனா இங்க இருக்கிற வரைக்கும் சொல்லு. இங்க நீ சொல்லலைன்னா யாரும் சொல்ல மாட்டாங்க."

அவள் பதில் சொல்வதற்குள் பெர்மெத் ஊசித் தட்டோடு உள்ளே வந்தாள். அதே ஓட்டம், அதே அரைத் தூக்கம்.

"வராந்தாவிலேருந்து வந்தது யாரு? கையை நீட்டு."

ஊல்கான் எழுந்து நின்றாள். இந்தத் தரம் பெயர் பல்லுக்குப் பின்னால் நிற்கவில்லை.

"அவருக்குப் பேர் இருக்கும்மா" என்றாள். "எசென்குல்."

பெர்மெத் நின்றாள். கிழவரைப் பார்த்தாள், ஊல்கானைப் பார்த்தாள். வியாழக்கிழமையிலிருந்து வீட்டுக்குப் போகாத பெண், பாவம். அவள் காது சிவந்தது. தட்டை வைத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"எசென்குல் தாத்தா, கையை நீட்டுங்க" என்றாள்.

கிழவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜருக்குப் பெயர் கூப்பிடப்பட்ட பையன் மாதிரிக் கையை நீட்டினார்.

"இருக்கேன்" என்றார்.